பேனாக்கத்திக்கு எந்த ஷார்ப்பனர்? கல்லுக்கு முன்னால் கிளாம்ப்பைப் பாருங்கள்

கைடட் ஷார்ப்பனர், அதாவது கோணம் மாறாமல் கத்தி தீட்ட உதவும் கருவி, வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, செட்டில் எத்தனை கல், எத்தனை கிரிட் (எண் கூடினால் கல் நைசு) என்றுதான். சமையல் கத்திக்கு அந்தக் கேள்வி சரி. சட்டைப்பையில் போகும் மடக்குக் கத்திக்கு வேறு இரண்டு அளவு முதலில் வேண்டும்: கத்தியைப் பிடிக்கும் கிளாம்ப் கடித்தபின் பிளேடு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கிளாம்ப்பின் வாய் எவ்வளவு தடிமன். ஒரு வெர்னியர் இருந்தால் இரண்டையும் எடுத்துவிடலாம்.

காரணம் எளிது. கல் கூரின் மேல் சாய்ந்து படியும்போது அதன் உள்பக்கம் கிளாம்ப் வாயில் முட்டக் கூடாது. வாயின் நுனி பிளேடின் நடுக்கோட்டிலிருந்து 3 மி.மீ. உயரம், கூர் 12 மி.மீ. வெளியே இருக்கிறது என்றால் சுமார் 14 டிகிரி வரை இறங்கலாம். அதே கிளாம்ப்பில் கூர் 8 மி.மீ. மட்டும் வெளியே இருந்தால் 20 டிகிரிக்கே கல் முட்டிவிடும். 4 மி.மீ. என்றால் 37 டிகிரி. அதற்குப் பெயர் கத்தி இல்லை, உளி. மடக்கினால் 58 மி.மீ. நீளமுள்ள விக்டோரினாக்ஸ் கிளாசிக் கத்தியின் பிளேடு மொத்தமே ஒரு சென்டிமீட்டர் அகலம் கிடையாது. பிடிக்கப் பாதி போனால் தீட்ட மிஞ்சுவது அந்த 4 மி.மீ.தான். ஆகவே இந்த அளவுக் கத்திக்கு, வாய் இவ்வளவு தடித்த கிளாம்ப் செட் எதுவும் ஒத்துவராது, எந்தக் கம்பெனி என்றாலும் சரி. கல் கிளாம்ப்பைத் தேய்க்கும், அலுமினியத் தூள் கல்லில் ஏறும், கூர் மட்டும் வராது.

இன்னொரு சங்கதி, பெட்டியில் அச்சடித்திருக்கும் டிகிரி. கல்லைத் தாங்கும் கம்பியான ராடு சுழலும் துளைக்கும் கூருக்கும் உள்ள தூரத்தை வைத்துத்தான் கோணம் அமைகிறது. 100 மி.மீ. தூரத்தில் 20 டிகிரி தரும் துளை, அகலம் குறைந்த பிளேடு மாட்டி அந்தத் தூரம் 90 ஆனால் 22 டிகிரி தரும். கல்லின் தடிமன் 1 மி.மீ. மாறினாலும் அரை டிகிரி நகரும். கூர் வருவதற்கு இது தடையில்லை. ஆனால் ஒரு கல்லில் வந்த சாய்வை (கூரை ஒட்டித் தீட்டிய சரிவை) அடுத்த கல் தொடாமல் போவதற்கு இதுதான் காரணம். காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி ஒன்று வாங்கி, பிளேடின் மேல் வைத்துப் பூஜ்யமாக்கி, பிறகு கல்லின் மேல் வைத்துப் பாருங்கள். எண்ணெய், பாலிஷ் என்று செட்டோடு தலையில் கட்டும் உபரிகளைவிட அந்தக் காசு உருப்படி.

இனி கருவிகள்.

லான்ஸ்கி: 17, 20, 25, 30 டிகிரிக்கு நாலு துளை, முன்னால் ஒரு திருகு, பின்னால் இறுக்க ஒரு திருகு. பழைய வடிவம், உழைக்கும். ஓப்பினல் எட்டாம் நம்பர் மாதிரி அகலமான பிளேடுக்கு நன்றாகவே பிடிக்கும். விக்டோரினாக்ஸ் 91 மி.மீ. மாடலின் பெரிய பிளேடுக்கு 17 துளையை மறந்துவிட்டு 20-இல் தொடங்குங்கள். அதுவும் முதுகின் ஓரத்தை மட்டும் கடிக்க வைத்தால்தான். புதிதாக வரும் ராடுகள் கல்லுக்கு இணையாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் சமதளக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, கோணலாக இருந்தால் கையால் நிமிர்த்த வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் கல் சரியில்லை என்று குறை சொல்கிறார்கள்.

ஒர்க் ஷார்ப் பிரிசிஷன் அட்ஜஸ்ட்: 15 முதல் 30 டிகிரி வரை திருகியே மாற்றலாம்; 320, 600 வைரத் தகடு, மெல்லிய செராமிக் மூன்றும் ஒரே கட்டையில் திரும்பும். கத்தியைக் கழற்றாமல் கிளாம்ப்பைப் புரட்டலாம் என்பது பெரிய வசதி. பிளேடு நடுவில் சரியாக உட்காராவிட்டால் ஒரு பக்கம் அகலச் சாய்வு, மறுபக்கம் கோடு என்று வரும். அடிப்படை மாடலின் பிளாஸ்டிக் பாகங்கள் அழுத்தினால் வளைகின்றன. அழுத்தாமல் தீட்டுபவருக்கு அது குறையே அல்ல.

உறிஞ்சுகோப்பை அடியோடு வரும் எட்ஜ் புரோ என்ற கம்பெனியின் பாணி நகல் செட்கள் ஆன்லைனில் பல பெயர்களில் கிடைக்கின்றன. சட்டம் பரவாயில்லை, கற்கள் மட்டம். தடிமன் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, பசை விட்டுப்போகும், 120 கிரிட் கல் பொலபொலவென்று உதிரும். கம்பியில் குறித்திருக்கும் டிகிரியை நம்பவே வேண்டாம். இதை வாங்குவதென்றால் சட்டத்துக்காக வாங்கி, வைரக் கல்லைத் தனியாக வாங்கிப் போடுங்கள். கல்லின் அகலமும் முக்கியம்: 40 மி.மீ. நீளப் பிளேடில் 25 மி.மீ. அகலக் கல்லை ஓட்டினால் நுனியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் நுனி உருண்டைதான். கல்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நுனியைத் தாண்ட விடாதீர்கள்.

ஸ்பைடர்கோ ஷார்ப்மேக்கர்: கிளாம்ப்பே கிடையாது. அடிக்கட்டையில் முக்கோணச் செராமிக் கம்பிகளைச் செருகினால் பக்கத்துக்கு 15 அல்லது 20 டிகிரி சாய்ந்து நிற்கும். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். பழுப்புக் கம்பியின் விளிம்பில் பக்கத்துக்கு 20 இழுப்பு, அதன் தட்டைப் பக்கத்தில் 20, பிறகு வெள்ளைக் கம்பியில் அதே வரிசை. கிளாசிக் அளவுக் குட்டிப் பிளேடுக்கு எங்கள் தேர்வு இதுதான். கோணம் கம்பியில் இருப்பதால் பிளேடின் அகலம் பற்றிய கவலையே இல்லை. குறை என்னவென்றால், சாணைக்காரர் 30 டிகிரிக்கு மொட்டையாக்கித் தந்த கத்தியை இதில் 20-க்கு இறக்க முயன்றால் பொழுது சாய்ந்துவிடும். அதற்குத் தனியாக விற்கும் வைரக் கம்பி வேண்டும். இழுப்பு முடியும் இடத்தில் நுனி கம்பியிலேயே நிற்க வேண்டும். கம்பியை விட்டு நழுவினால் நுனி மழுங்கும்.

தோட்டத்துக்கு எடுத்துப்போக ஒர்க் ஷார்ப் கைடட் ஃபீல்ட் ஷார்ப்பனர் போதும். 220, 600 வைரத் தகடு, செராமிக் கம்பி, தோல் பட்டை எல்லாம் ஒரே கட்டையில். ஓரத்தில் 20 டிகிரிச் சரிவு இருக்கும். கத்தியை அதில் வைத்துக் கோணம் எடுத்துக்கொண்டு, மீதி இழுப்பைக் கைதான் காப்பாற்ற வேண்டும். முழுமையான கைடட் என்று சொல்ல முடியாது.

கிளாம்ப்பில் மாட்டும் முறையில்தான் பாதிக் கூர் இருக்கிறது. பேனாக்கத்தியின் பிளேடு முதுகிலிருந்து கூர் வரை ஆப்பு போல மெலிந்துகொண்டே வரும். கிளாம்ப்பின் வாயோ இணையானது. அதனால் முதுகில் ஒரே கோட்டில் மட்டும் பிடித்து, கல் பட்டதும் பிளேடு ஆடும். பிளேடின் இரு பக்கமும் ஒரு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கீறலும் விழாது, பிடியும் கூடும். மெத்தென்ற தடித்த டேப் வேண்டாம், அது நசுங்கி நசுங்கிக் கோணத்தை மாற்றும். நகம் வைத்துத் திறக்கும் பள்ளத்தின் மேல் வாய் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் பிளேடு ஒரு பக்கம் சாயும். மாட்டுவதற்கு முன் மூட்டில் இருக்கும் மண்ணையும் பஞ்சையும் ஊதி எடுங்கள். விசைத்தறிப் பக்கம் புழங்கும் கத்தி என்றால் அங்கே நூலே சுற்றியிருக்கும்.

சாய்வு முழுக்க மார்க்கர் மை பூசுங்கள். ராட்டை மாட்டி இரண்டு இழுப்பு. மை சாய்வு முழுக்கக் கூரின் விளிம்பு வரை போனால் கோணம் சரி. மேலே மட்டும் போனால் கோணம் தாழ்வு, விளிம்பில் நூலளவு மட்டும் போனால் உயரம். நேரான பகுதியில் கோணம் தானாகவே மாறாமல் நிற்கும். நுனி வளைவில்தான் மாறும். அங்கே மை தனியாக நடந்துகொண்டால் கிளாம்ப்பை நுனிப்பக்கம் 5 மி.மீ. நகர்த்தி மறுபடி பாருங்கள்.

முதல் கல்லில் எத்தனை இழுப்பு என்று எண்ண வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் அடி முதல் நுனி வரை பிசிறு (கூரைத் தாண்டி மடியும் மெல்லிய உலோக விளிம்பு) விரலுக்குத் தட்டும் வரை தீட்டுங்கள். பிறகு பக்கம் மாற்றுங்கள். பிசிறு வராமலே அடுத்த கல்லுக்குப் போவதுதான் தீட்டியும் வெட்டாத கத்திகளுக்கெல்லாம் முதல் காரணம். இரண்டாவது காரணம் அழுத்தம். நுனிப் பக்கம் தகடு மெல்லியது, விரலால் அழுத்தினால் வளைந்து கோணம் தப்பும். கல்லின் கனமே போதும். அடிப்பக்கம் கல் கைப்பிடியில் இடிக்கும் என்பதால் அங்கேயே திரும்பத் திரும்பத் தேய்ப்பார்கள். சில மாதத்தில் அந்த இடம் குழிந்து, பலகையில் வைத்து வெட்டினால் கூர் படியாது.

திறந்த பிளேடைப் பூட்டும் லாக் இல்லாத கத்தியைத் தோல் பட்டையில் தீட்டும்போது ஜாக்கிரதை. கம்பியில் கூர் முன்னே போக இழுக்கையில் விசை பிளேடைத் திறந்தபடி வைக்கும். பட்டையில் முதுகு முன்னே போவதால் விசை மூடப் பார்க்கும். விரலைக் கைப்பிடிப் பள்ளத்தின் எதிரே வைக்காதீர்கள்.

எந்த கிரிட்டில் நிறுத்துவது என்பது வேலையைப் பொறுத்தது. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்க் கயிறு, வாழைக்கு முட்டுக்கொடுக்கும் பிளாஸ்டிக் கயிறு, 16 மி.மீ. சொட்டுநீர்க் குழாய், திருப்பூரில் பார்சல் அட்டைப்பெட்டி - இவற்றுக்கு 600 போதும். 600 கல் கூரில் விடும் சிறு பற்கள்தான் நாரைக் கடிக்கும். 2000 வரை மினுக்கிய கூர் கயிற்றில் வழுக்கும், அட்டையில் சீக்கிரமே மழுங்கும். நாற்றுப்பண்ணை ஒட்டுக்கத்திக்கு நேரெதிர். 1000-க்கு மேல் போய்ப் பட்டையிலும் தீட்ட வேண்டும், வெட்டு கசங்காமல் இருந்தால்தான் ஒட்டுப் பிடிக்கும். அவை பெரும்பாலும் ஒற்றைச் சாய்வு. கைடட் செட்டில் சாய்வுப் பக்கத்தை மட்டும் தீட்டி, தட்டைப் பக்கத்தைச் சாதாரணக் கல்லில் படுக்க வைத்துப் பிசிறை மட்டும் எடுங்கள். அந்தக் கல்லுக்காக ஆன்லைனில் தேட வேண்டாம். கோவையில் டூல்ஸ் கடைகளில் கார்போரண்டம் யுனிவர்சலின் இருபக்க ஆயில் ஸ்டோன் கிடைக்கும்.

வைரத் தகடு புதிதில் முரடாகக் கீறும். சில கத்திகள் தீட்டியபின் அடங்கும், அதற்குள் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அதற்கு எண்ணெய் வேண்டாம், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீர் போதும். பல்லடம், காங்கயம் பக்கத்து உப்புத் தண்ணீர் என்றால் கழுவியதும் துணியால் ஒற்றி எடுங்கள். தானாகக் காயவிட்டால் வெள்ளைப் படிவம் வைரத்துக்கு நடுவே இறங்கி, தகடு தேய்ந்துவிட்டது போலத் தோன்றும், ஓரத்தில் துருவும் ஏறும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. செராமிக் கம்பி கறுத்தால் பாத்திரம் தேய்க்கும் பவுடரும் பச்சை நாரும் போட்டுத் தேய்த்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.