உயர்கல்விக் கூட்டமைப்பின் ஆட்சிக்குழு: ஓர் உறுப்புக் கல்லூரியின் மதிப்பீடு

எங்கள் கல்லூரி ஓர் உயர்கல்விக் கூட்டமைப்பில் நெடுங்காலமாக உறுப்பு நிறுவனமாக இருந்து வருகிறது. அந்த உறுப்புரிமைக் கோப்பு கடந்த ஒன்பது ஆண்டுகளாக என் பொறுப்பில் உள்ளது. ஆண்டுச் சந்தாவைச் செலுத்துவதும், மாநாடுகளுக்குப் பேராளர்களை அனுப்புவதும், சுற்றறிக்கைகளுக்குப் பதில் தயாரிப்பதும், ஆட்சிக்குழுத் தேர்தல் வரும்போது வாக்குச்சீட்டை முதல்வரின் கையொப்பத்துக்கு வைப்பதும் என் வேலை. இத்தகைய கூட்டமைப்புகளை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் மாநாட்டின் தரம், பயிற்சி வகுப்புகள், புள்ளிவிவரத் தொகுப்பு ஆகியவற்றைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் இங்கே மதிப்பிட விரும்புவது அவை அனைத்துக்கும் மேலே இருக்கும் ஆட்சிக்குழுவை. செலுத்தும் சந்தாவுக்கு ஈடான சேவை கிடைக்கிறதா என்பது, அக்குழுவில் அமரும் துணைவேந்தர்களும் கல்லூரி முதல்வர்களும் தம் சொந்த நிறுவனத்துக்கு அப்பால், அந்த அறையில் இடம் பெறாத நிறுவனங்களையும் நினைவில் வைத்து முடிவெடுக்கிறார்களா என்பதைப் பொறுத்தே அமைகிறது. இதை நான் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தேன்.

நிறுவனத் தலைவர்களே கூடி ஒரு பொது அமைப்பை நடத்தும் முறைக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1913-இல் லண்டனில் உருவான அமைப்பே இன்றைய காமன்வெல்த் பல்கலைக்கழகங்களின் சங்கம். இந்தியாவில் 1925-இல் பல்கலைக்கழகங்களிடை வாரியமாகத் தொடங்கியது, 1973-இல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்று பெயர் மாறியது. 1950-இல் தோன்றிய பன்னாட்டுப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பாரிசில் யுனெஸ்கோ வளாகத்திலிருந்து இயங்குகிறது. அன்றாட வேலையைச் செயலகம் பார்த்துக்கொள்ளும். தலைமைச் செயலரை நியமிப்பது, வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, சந்தா விகிதத்தை முடிவு செய்வது, தணிக்கை அறிக்கையைப் பரிசீலிப்பது, அரசின் கொள்கைகள் குறித்துக் கூட்டமைப்பு எந்த நிலைப்பாட்டை எடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஆகியவை ஆட்சிக்குழுவின் கடமைகள். இவற்றுக்கு அந்தத் தலைவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறுவதில்லை.

முதலில் நிறைவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர்களுக்கு மட்டுமே தெரியும் சில நுட்பங்கள் உண்டு. அவை ஆட்சிக்குழுவில் வெளிப்படும்போது உறுப்பு நிறுவனங்கள் அனைத்தும் பயனடைகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் பதிவுகளைப் பாதுகாப்பது பற்றிய வரைவு விதிமுறை ஒன்று வெளியானது. செயலகம் எழுதிய பதில் சட்ட நுணுக்கத்தில் குறையற்றதாகவே இருந்தது. ஆனால், முன்பு பதிவாளராக இருந்து பின்னர் முதல்வரான குழு உறுப்பினர் ஒருவர், அந்த விதிப்படி அறிக்கை அளிக்க வேண்டிய நாள் தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் விழுவதையும், ஐந்தாறு பேர் மட்டுமே பணிபுரியும் பதிவாளர் அலுவலகத்தால் இரண்டையும் ஒருசேரச் செய்ய இயலாது என்பதையும் சுட்டிக்காட்டினார். பதில் கடிதத்தில் அந்த ஒரு பத்தி சேர்க்கப்பட்டது. இறுதி விதிமுறையில் காலக்கெடு மாற்றப்பட்டிருந்தது. எங்களைப் போன்ற சிறிய கல்லூரிகளுக்கு அந்த ஆண்டு அதைவிடப் பெரிய உதவி வேறெதுவும் கிடைக்கவில்லை. அந்த முதல்வரின் கல்லூரியில் பதிவாளர் அலுவலகம் பெரியது. அவருக்கு அந்த விதியால் எந்தச் சிரமமும் வந்திருக்காது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

தனித்து நிற்கும் எந்தப் பல்கலைக்கழகத்தாலும் செய்ய முடியாத வேலைகளைக் கூட்டமைப்பு செய்ய முடியும் என்பதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில், 1918-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க உயர்கல்விக் கூட்டமைப்பான அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன், 1942-இல் பள்ளிப் படிப்பை முடிக்காமல் படையில் சேர்ந்தவர்களுக்காகப் பள்ளி இறுதிப் படிப்புக்கு இணையான ஜி.இ.டி. தேர்வை உருவாக்கியது. படைப் பயிற்சியில் பெற்ற கல்வியைக் கல்லூரி மதிப்பெண் அலகுகளாக எப்படிக் கணக்கிடலாம் என்று பரிந்துரைக்கும் பணியையும் அது மேற்கொண்டது. ஒவ்வொரு கல்லூரியும் தனக்குத் தோன்றியபடி முடிவு செய்திருந்தால், போரிலிருந்து திரும்பியவர்கள் ஒவ்வொரு வாசலிலும் புதிதாக வாதாட நேர்ந்திருக்கும்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, காலம். இதே அமெரிக்கக் கவுன்சில் 1986 முதல் கல்லூரித் தலைவர்களைப் பற்றிய ஆய்வைத் தொடர்ந்து நடத்தி வருகிறது. அந்நாட்டில் ஒரு தலைவர் தம் பதவியில் கழித்திருக்கும் சராசரிக் காலம் 2006-இல் 8.5 ஆண்டுகளாக இருந்து, 2016-இல் 6.5 ஆண்டுகளாகக் குறைந்து, 2022-இல் 5.9 ஆண்டுகளுக்கு வந்துவிட்டது என்று அவ்வாய்வு காட்டுகிறது. இந்த எண்களை ஆட்சிக்குழுவின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள் என்றால், முதல் ஆண்டு நிதிநிலையையும் துணைவிதிகளையும் செயலகத்தின் வேலைமுறையையும் புரிந்துகொள்வதிலேயே கழிந்துவிடுகிறது. தலைமைப் பதவியை விட்டு விலகினால் குழு இடமும் காலியாகிவிடும் என்பது பல கூட்டமைப்புகளின் துணைவிதி. எங்கள் கூட்டமைப்பில் ஒரே ஆண்டில் நான்கு பேர் இவ்வாறு வெளியேறினார்கள். அவர்களில் இருவர் தணிக்கைக் குழுவில் இருந்தவர்கள். அந்த ஆண்டின் தணிக்கை அறிக்கை உறுப்பு நிறுவனங்களுக்கு வந்து சேர வழக்கத்தைவிட நெடுநாள் ஆனது. யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆயினும், ஓய்வுபெற்ற தலைவர்கள் தம் எஞ்சிய குழுக் காலத்தை நிறைவு செய்ய அனுமதிக்கும் விதி இருந்திருந்தால் அந்தத் தடங்கலைத் தவிர்த்திருக்கலாம் என்று இன்றும் எண்ணுகிறேன்.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. யார் அமர்கிறார்கள் என்பது பற்றியது அது. பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தின் தலைவருக்குப் பயணத்துக்கு நிதியும், ஆவணங்களைப் படித்துக் குறிப்பெடுத்துத் தர அலுவலரும், தாம் இல்லாத நாளில் வளாகத்தைப் பார்த்துக்கொள்ளத் துணைத் தலைவர்களும் இருக்கிறார்கள். எங்கள் முதல்வர் இரண்டு நாள் வெளியே போனால் கல்லூரியில் கையொப்பமிட வேறொருவர் இல்லை. ஆகவே சிறிய நிறுவனங்களின் தலைவர்கள் போட்டியிடவே தயங்குகிறார்கள். தேர்தலில் தோற்கடிக்கப்பட்டு அல்ல, வேட்பு மனுவே தராமல்தான் அவர்கள் குழுவிலிருந்து மறைந்து போகிறார்கள். நிறுவன வகைவாரியாக இடங்களை ஒதுக்கும் கூட்டமைப்புகள் இந்தச் சிக்கலை ஓரளவு தீர்த்திருக்கின்றன. எங்கள் கூட்டமைப்பில் அத்தகைய ஒதுக்கீடு இல்லை.

இதன் விளைவை நாங்கள் சந்தா விகிதத்தில் அனுபவித்தோம். மாணவர் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட சந்தாவை மாற்றி, அனைவருக்கும் ஏறத்தாழ ஒரே தொகை என்ற முறையைக் கொண்டுவர ஒரு முன்மொழிவு வந்தது. கணக்கு எளிதாகும் என்ற காரணம் சொல்லப்பட்டது, காரணத்தில் பிழையில்லை. ஆனால் அந்த மாற்றத்தால் பெரிய பல்கலைக்கழகங்கள் செலுத்தும் தொகை குறைந்து எங்கள் தொகை கூடியது. வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் தொகை குறையும் நிறுவனங்களின் தலைவர்கள். அவர்கள் தீய எண்ணத்தோடு வாக்களித்தார்கள் என்று நான் கருதவில்லை. எங்கள் வரவு செலவுத் திட்டம் எப்படி இருக்கும் என்று சொல்வதற்கு அந்த அறையில் ஒருவரும் இல்லை என்பதுதான் உண்மை. அடுத்த ஆண்டு நாங்களும் வேறு சில கல்லூரிகளும் சேர்ந்து எழுதிய பின்னர் ஒரு பகுதி திருத்தப்பட்டது.

சக நிறுவனங்கள் வகுக்கும் அளவுகோல் எவ்வளவு வலிமை வாய்ந்தது என்பதற்கு 2011-இல் நடந்த ஒரு நிகழ்வை நினைவுகூரலாம். 1900-இல் 14 பல்கலைக்கழகங்களால் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கம், 2011-இல் உறுப்பினர்களின் வாக்கெடுப்பின் மூலம் நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழகத்தின் உறுப்புரிமையை முடித்துவைத்தது. அந்தப் பல்கலைக்கழகம் 1909 முதல் உறுப்பினராக இருந்தது. அதன் மருத்துவ வளாகம் தனி நிர்வாகத்தில் இயங்கியதால் அங்கு நடந்த ஆராய்ச்சி, உறுப்புரிமையை மதிப்பிடும் கணக்கில் சேரவில்லை. வேளாண் ஆராய்ச்சிக்கு வந்த நிதியின் பெரும்பகுதியும் போட்டி முறையில் வழங்கப்படாத காரணத்தால் குறைவாகவே மதிக்கப்பட்டது. அளவுகோல் சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. எதைக் கணக்கிடுவது என்று முடிவு செய்யும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பது, உறுப்பு நிறுவனத்தின் இருப்பையே தொடும் கேள்வியாக மாறலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கல்லூரிகளின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும், அரசின் அங்கீகாரம் பெற்ற தர ஏற்பு முகமைகளின் முடிவெடுக்கும் குழுக்களில் குறைந்தது ஏழில் ஒருவராவது பொதுமக்களின் பிரதிநிதியாக இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. உறுப்பு நிறுவனங்களின் கூட்டமைப்புகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும் கல்வித் துறைக்கு வெளியிலிருந்து ஓரிருவரைத் தாமாகவே சேர்த்துக்கொள்வது நன்மை தரும் என்பது என் கருத்து. தலைவர்கள் தங்களுக்குள் பேசும்போது சொல்லாமலே விட்டுவிடும் அடிப்படைக் கேள்விகளை வெளியிலிருந்து வருபவர்கள் கேட்பார்கள்.

நலன் முரண் விஷயத்தில் எங்கள் கூட்டமைப்பைப் பாராட்ட வேண்டியிருக்கிறது. தரவு மேலாண்மை மென்பொருள் ஒன்றைக் கூட்டாக வாங்கும் பேச்சு வந்தபோது, அந்த மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்தில் தம் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு இருப்பதை ஓர் உறுப்பினர் தாமே முன்வந்து அறிவித்தார். விவாதம் முடியும் வரை வெளியே இருந்தார். அது கூட்டக் குறிப்பிலும் பதிவானது. சங்கம் எடுக்கும் முடிவில் சங்கத்தின் நலனே முதன்மை என்ற கடமையை அவர் ஏட்டளவில் விட்டுவிடவில்லை. அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற சங்கங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் படிவம் 990-இல், எழுத்து வடிவில் நலன் முரண் கொள்கை இருக்கிறதா என்ற கேள்வியும், உயர் அலுவலர்களின் ஊதிய விவரமும் இடம்பெறுகின்றன. அந்தப் படிவம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. இத்தகைய திறந்த பதிவு எல்லா இடங்களிலும் இருக்குமானால், உறுப்பு நிறுவனங்கள் வதந்திகளை நம்ப வேண்டிய நிலை வராது.

கூட்டக் குறிப்புகளில்தான் எனக்கு நீண்ட மனக்குறை இருந்தது. சந்தா மாற்றம் நடந்த கூட்டத்தின் குறிப்பைக் கேட்டு நான் மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. ஐந்து மாதங்களுக்குப் பிறகு வந்த ஒற்றைப் பக்கத்தில் தீர்மானங்கள் மட்டும் இருந்தன, காரணங்கள் இல்லை. பின்னர் பொறுப்பேற்ற தலைவர், ஒவ்வொரு கூட்டம் முடிந்த இரண்டு வாரங்களுக்குள் சுருக்கத்தை அனைத்து உறுப்பு நிறுவனங்களுக்கும் அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கினார். அதிகச் செலவில்லாத இந்தச் சிறு மாற்றம், ஒன்பது ஆண்டுகளில் நான் கண்ட சீர்திருத்தங்களிலேயே மிகவும் பயனுள்ளது. ஒரு முடிவுக்கு எதிராகச் சொல்லப்பட்ட வாதமும் அந்தச் சுருக்கத்தில் இடம்பெறுவதால், நாங்கள் எதிர்பார்த்த முடிவு வராத நாட்களிலும் எங்கள் கருத்து பேசப்பட்டது என்று தெரிந்துகொள்ள முடிகிறது.

புதிதாக ஒரு கூட்டமைப்பில் சேர எண்ணும் கல்லூரிகள், மாநாட்டுச் சிற்றேட்டைப் பார்ப்பதற்கு முன் ஆட்சிக்குழுவின் துணைவிதிகளையும் கடைசி இரண்டு ஆண்டுகளின் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்கிப் படிக்குமாறு வேண்டுகிறேன். குழுவில் இடம் தேடிவரும் முதல்வர்களும் ஏற்கும் முன் தம் கல்லூரியில் யார் கையொப்பமிடுவார்கள் என்பதை முடிவு செய்துவிட வேண்டும். ஆவணங்களைப் படிக்காமல் கூட்டத்துக்கு வரும் தலைவர், எவ்வளவு புகழ் பெற்றவராக இருந்தாலும், செயலகம் எழுதித் தந்ததற்கு ஒப்புதல் சொல்பவராகவே முடிவார். இதை நான் பார்வையாளர் இருக்கையிலிருந்து பலமுறை கண்டிருக்கிறேன்.

இந்த ஆண்டு எங்கள் உறுப்புரிமையைப் புதுப்பித்துவிட்டோம். புதுப்பிப்புப் படிவத்தோடு, சிறிய கல்லூரிகளுக்கென ஆட்சிக்குழுவில் இரண்டு இடங்களையும், அந்த உறுப்பினர்களின் பயணச் செலவுக்குக் கூட்டமைப்பே பொறுப்பேற்பதையும் கோரும் துணைவிதித் திருத்தத்தை முதல்வரின் கையொப்பத்துடன் அனுப்பியிருக்கிறோம். வரும் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் அது ஏழாவது பொருளாகச் சேர்க்கப்பட்டிருப்பதாகச் செயலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு இம்முறை முதல்வரே செல்கிறார். அந்த இரண்டு நாட்களுக்குக் கையொப்பமிடும் அதிகாரத்தை மூத்த பேராசிரியர் ஒருவருக்கு எழுத்து மூலம் வழங்கியாயிற்று.