ஐம்பதில் எட்டு போதும்

டெல்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகத்தில் படிக்கும் தமிழ் மாணவர்கள், சமய ஒப்பியல் என்று ஆரம்பித்தால் முதலில் கேள்விப்படுவது 'சேக்ரட் புக்ஸ் ஆஃப் தி ஈஸ்ட்' வரிசையைத்தான். மாக்ஸ் முல்லர் பதிப்பாசிரியராக இருந்து ஆக்ஸ்போர்டில் 1879 முதல் 1910 வரை வெளிவந்த 50 தொகுதிகள். 1960களில் இருந்து மோதிலால் பனாரசிதாஸ் பதிப்பகம் மறுபதிப்பாகக் கொடுத்து வருகிறது. விஸ்வவித்யாலயா மெட்ரோவில் இறங்கி ஈ-ரிக்‌ஷா பிடித்தால் ஜவஹர் நகர் பங்களா ரோடு பக்கம்தான். செட்டாகவும் வாங்கலாம், தனித்தனியாகவும் வாங்கலாம். தனித்தனியாகவே வாங்குங்கள். முனிர்க்காவில் வாடகை அறையில் இருப்பவர் ஐம்பதையும் எங்கே வைப்பார் என்பது ஒரு பக்கம். பாதிக்கு மேல் அவருக்குத் தேவையே இல்லை.

எல்லாத் தொகுதியிலும் இருப்பது ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும். மூலம் கிடையாது. வேதம், உபநிடதம், தர்மசூத்திரம், பௌத்தம், சமணம், பார்சி சமயம், சீன நூல்கள், குர்ஆன் என்று பரப்பு பெரிது. ஆனால் பைபிள் இல்லை. முல்லர் சேர்க்க விரும்பினார், ஆக்ஸ்போர்டில் எதிர்ப்பு வந்தது. சீக்கிய நூல் ஒன்றுகூட இல்லை. ஜேம்ஸ் லெக் மொழிபெயர்த்த ஆறு சீனத் தொகுதிகள் இருந்தும், கன்பூசியஸ் என்றதும் எல்லோரும் தேடுகிற 'அனலெக்ட்ஸ்' அவற்றில் கிடையாது. அது லெக்கின் வேறு வரிசையில் வந்தது. தமிழும் இல்லை. ஜி.யு.போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பு அதே ஆக்ஸ்போர்டு அச்சகத்தில் 1900இல் வந்தபோதும் இந்த வரிசைக்கு வெளியேதான் நின்றது. தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் வேண்டுமென்றால் ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும், அல்லது ஊரிலிருந்து வரவழைக்க வேண்டும்.

வாங்க வேண்டியவற்றில் முதலிடம் 34, 38, 48 மூன்றுக்கும். முதல் இரண்டும் வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்மசூத்திரத்துக்குச் சங்கரர் எழுதிய பாஷ்யம், அதாவது உரை (1890, 1896). 48 அதே நூலுக்கு ராமானுஜர் எழுதிய ஸ்ரீபாஷ்யம் (1904). மூன்றையும் மொழிபெயர்த்தவர் ஒருவரே, ஜார்ஜ் திபோ. ஒப்பிடுகிறவருக்கு இது பெரிய வசதி: சூத்திரம் ஒன்று, மொழிபெயர்ப்பாளர் ஒருவர், மாறுவது உரையாசிரியர் மட்டும். அதனால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்ற குழப்பமே வராது. முதல் சூத்திரத்தை மட்டும் இரண்டு பக்கமும் வைத்துப் படியுங்கள். பிரம்மத்தை ஆராயத் தொடங்குவதற்கு முன் என்ன இருக்க வேண்டும்? விவேகம், வைராக்கியம் முதலான நான்கு தகுதிகள் என்கிறார் சங்கரர். வேதத்தின் சடங்குப் பகுதியான கர்ம காண்டத்தின் ஆராய்ச்சி முடிந்திருக்க வேண்டும் என்கிறார் ராமானுஜர். அந்த ஒரு சூத்திரத்துக்கு அவர் உரை நூறு பக்கத்தைத் தாண்டுகிறது; எதிர்த்தரப்பான அத்வைதத்தின் வாதத்தை முழுதாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மறுக்கிறார். அதைப் பாதியில் திறந்து படித்துவிட்டு ராமானுஜரை அத்வைதி என்று எழுதிவிடுவது மாணவர் கட்டுரைகளில் எளிதாக நேரும் விபத்து. பல இடங்களில் சூத்திரத்தின் கருத்துக்கு ராமானுஜரே நெருக்கம் என்று 34ஆம் தொகுதி முன்னுரையில் திபோ வாதிடுவதை, உரைகளைப் படித்த பிறகு படிப்பது நல்லது.

அடுத்து 2, 13, 14, 22 ஆகிய நான்கு. தர்மசூத்திர ஆசிரியர்களில் ஆபஸ்தம்பரும் கௌதமரும் இரண்டில், வசிஷ்டரும் பௌதாயனரும் பதினான்கில், பௌத்தத் துறவிகளின் விதிநூலான விநயம் பதின்மூன்றில், சமணர்களின் ஆசாராங்கமும் கல்பசூத்திரமும் இருபத்திரண்டில். துறவி எப்படி வாழ வேண்டும் என்பதை மூன்று மரபிலும் அருகருகே பார்க்கலாம். கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரம்மசரியம் ஆகிய நான்கும் வரிசை மாறினாலும் மூன்றிலும் உண்டு. ஐந்தாவதில்தான் பிரிகிறார்கள்: பௌதாயனர் ஈகையை வைக்கிறார், சமணர் உடைமை கொள்ளாமையை வைக்கிறார்கள், பௌத்தர் கள்ளுண்ணாமையை. (வள்ளுவர் முதல் மூன்றையும் துறவறவியலில் வைத்துவிட்டுக் கள்ளுண்ணாமையைப் பொருட்பாலுக்குக் கொண்டுபோனார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) சமணம் பௌத்தத்தின் கிளை என்று லாசன் என்ற அறிஞர் சொன்னதை, இந்தப் பொருத்தங்களை எல்லாம் எடுத்து வைத்து, 22ஆம் தொகுதியை மொழிபெயர்த்த யாகோபி அதன் முன்னுரையில் மறுக்கிறார்.

பட்டியல் போட்டதோடு நின்றால் ஒப்பீடு பொய்யாகிவிடும். ஒவ்வொரு விதிக்கும் எதிரே, யாருக்குச் சொன்னது, மீறினால் என்ன என்று பட்டியலில் இரண்டு நெடுவரிசை கூடுதலாகப் போடுங்கள். 13ஆம் தொகுதியில், விநயத்தைச் சேர்ந்த மகாவக்கம் என்ற நூலின் முதல் பகுதி 56ஆம் இயலில் 'உயிர்க் கொலை' என்று ஒரே சொல்லாக வருவது, அதே தொகுதியில் பிக்குகளுக்கான குற்றப் பட்டியலான பாதிமோக்கத்தில் இரண்டாகப் பிரிகிறது. மனிதரைக் கொன்ற பிக்கு சங்கத்திலிருந்து நீக்கப்படுவார், அது பாராஜிகம். விலங்கைக் கொன்றால் 61ஆம் பாசித்தியம், குற்றத்தை ஒப்புக்கொண்டால் தீர்ந்தது. ஆசாராங்கமோ மண், நீர், நெருப்பு, காற்றிலும் உயிர் இருக்கிறது என்று தொடங்குகிறது. மேலோட்டமாக ஒன்றாகத் தெரிந்த விரதம் இந்த இடத்தில் மூன்றாகிவிடுகிறது.

எட்டாவது, 50ஆம் தொகுதி: வின்டர்நிட்ஸ் தயாரித்த பொது அட்டவணை. நோன்பு, பிச்சை, தீட்டு என்று எதைத் தேடினாலும் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் கிடைக்கும். மறுபதிப்பில் பக்க எண் மாறவில்லை என்பதால் அப்படியே பயன்படும். ஆனால் முல்லரின் எழுத்துமுறையில் ச, ஜ ஒலிகளுக்குச் சாய்ந்த கே, சாய்ந்த ஜி போட்டிருப்பார்கள். ஜைனரை ஜே வரிசையில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். ஜியில் 'கைன' என்பது போன்ற வடிவில் இருப்பார்கள். சாந்தோக்கியம் கேயில் இருக்கும். இணையத்தில் தட்டச்சு வடிவில் கிடைக்கும் பிரதிகள் பலவற்றில் சாய்வெழுத்து போய்விடுகிறது, அதன் பிறகு எது க, எது ச என்று பிரித்தறிய வழியில்லை. அப்படி ஒன்றிலிருந்து பெயரை எடுத்து ஆய்வேட்டில் ஒட்டினால் நேர்காணலில் மாட்டிக்கொள்வீர்கள். இணையத்தில்தான் படிக்க வேண்டும் என்றால் பக்கப் படமாக ஸ்கேன் செய்த பிரதியை எடுங்கள்.

உபநிடதத்துக்கான 1, 15 தொகுதிகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பிருகதாரண்யகம் ஆறாம் அத்தியாயத்தில் உடலுறவு பற்றிய சில வரிகளை முல்லர் ஆங்கிலமாக்காமல் சமஸ்கிருதத்திலேயே விட்டுவிட்டார். 1996இல் வந்த ஒலிவெல் மொழிபெயர்ப்பே போதும். பாமரின் குர்ஆனும் (6, 9) 1880ஐச் சேர்ந்தது. இன்று வழங்கும் 1924 கெய்ரோ பதிப்புக்கு முந்தையது என்பதால் வசன எண் சில இடங்களில் முன்பின் இருக்கும், மேற்கோளுக்கு உதவாது. தெலாங்கின் கீதை (8) நூலகத்தில் படித்தால் போதும்.

எந்த மறுபதிப்பானாலும் பில் போடுவதற்கு முன் சாய்வெழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று நடுவில் நாலைந்து இடத்தில் பாருங்கள், பக்க எண் விடுபடாமல் ஓடுகிறதா என்றும் புரட்டுங்கள். 48 கையிருப்பில் இல்லையென்றால் ஸ்கேன் பிரதியில் முதல் சூத்திரத்தின் உரையை மட்டும் அச்செடுத்துக்கொண்டு 34ஓடு தொடங்கிவிடலாம்.