அப்பா அம்மாவுக்குத் தெருநடையா, டிரெட்மில்லா?

அறுபதைத் தாண்டிய பெற்றோருக்கு டிரெட்மில் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இதயத்துக்கு வேண்டியது வாரத்துக்கு 150 நிமிட வேகநடை. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் அளவு. எங்கே நடந்தாலும் கணக்கில் சேரும்.

செலவு
தெருநடை: நல்ல ஷூ ஒரு ஜோடி.
டிரெட்மில்: பல ஆயிரம் ரூபாய், மின்சாரம், பெல்ட்டுக்கு அவ்வப்போது சிலிக்கோன் எண்ணெய்.

பாதுகாப்பு
தெருநடை: நாய், பள்ளம், எதிரே வரும் பைக். ஆனால் மேடுபள்ளத்தில் நடந்து பழகிய காலுக்குச் சமநிலை கூடும். முதுமையில் கீழே விழாமல் இருக்க அது ரொம்ப முக்கியம்.
டிரெட்மில்: வழுக்காத சமதளம். அதில் தொங்கும் சிவப்புக் கிளிப்பைச் சட்டையில் மாட்டினால்தான் தடுமாறும்போது பெல்ட் நிற்கும். பலர் மாட்டுவதே இல்லை. கைப்பிடியில் சாய்ந்து நடந்தால் உழைப்பும் குறைந்துவிடும்.

மனசு
தெருநடையில் நாலு பேரோடு பேசலாம். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதற்காகவே தெருவைத்தான் சொல்வேன்.

பக்கத்தில் பூங்காவோ மைதானமோ இருந்தால் தெருநடை. கண்பார்வை மங்கியவர்கள், மழைக்காலத்திலும் விடாமல் நடக்க நினைப்பவர்கள் டிரெட்மில் வாங்கலாம். ஏற்கெனவே இதய நோய் இருந்தால், வேகத்தை முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.