ஐ2சி சிப்போடு பேச எந்த இடைமுகம்? வயர் முதல் கர்னல் டிரைவர் வரை ஓர் அலசல்

ஒரு சென்சாரை இணைத்து, கிடைத்த மாதிரி நிரலை ஓட்டி, வெப்பநிலை திரையில் வந்துவிட்டால், சிப்களை இரண்டு கம்பியில் பேச வைக்கும் ஐ2சிக்கான மென்பொருள் இடைமுகங்கள் எல்லாமே ஒன்றுபோலத்தான் தோன்றும். வேறுபாடு தெரிவது இரண்டு இடங்களில். டேட்டாஷீட்டில் (சிப் தயாரிப்பாளர் தரும் விவர ஆவணம்) கட்டம் கட்டமாக வரைந்திருக்கும் பரிமாற்றத்தை அப்படியே நிரலில் சொல்ல முடிகிறதா? சிப் பதில் தராதபோது நடந்தது என்ன என்பதை இடைமுகம் உள்ளபடி சொல்கிறதா? இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் இங்கே எடைபோடுகிறேன். நிரல் எத்தனை வரி, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் எனக்கு அடுத்தபட்சம்.

கம்பியில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1982ல் ஃபிலிப்ஸ் உருவாக்கிய ஐ2சி பஸ்ஸில் இரண்டே கம்பிகள்: தரவுக்கு எஸ்டிஏ, கடிகாரத்துக்கு எஸ்சிஎல். கட்டுப்படுத்தும் பக்கம் ஸ்டார்ட் கொடுத்து, 7 பிட் முகவரியையும், படிக்கவா எழுதவா என்று சொல்லும் ஒரு பிட்டையும் அனுப்பும். பெறுகிற பக்கம் ஒவ்வொரு பைட்டுக்கும் ஆக் (‘கிடைத்தது’ என்ற ஒப்புதல்) கொடுக்கும். கொடுக்காவிட்டால் அது நாக். முடிவில் ஸ்டாப். எழுதியதும் உடனே படிக்க வேண்டுமானால், நடுவில் ஸ்டாப் விடாமல் இன்னொரு ஸ்டார்ட் கொடுக்கலாம். இதற்குப் பெயர் ரிப்பீட்டட் ஸ்டார்ட். இடைமுகங்கள் ஒன்றுக்கொன்று விலகுவது பெரும்பாலும் இந்த ஒரு சமிக்ஞையைக் கையாளும் விதத்தில்தான்.

மூன்று சிப், மூன்று விதப் பேச்சு

ஒரே மாதிரி சிப்பை மட்டும் வைத்து ஒப்பிட்டால் எந்த இடைமுகமும் நன்றாகத்தான் தெரியும். அதனால் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, பாஷ் நிறுவனத்தின் பிஎம்இ280. வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் அளக்கும். ரெஜிஸ்டர் (சிப்புக்குள் ஒரு மதிப்பு இருக்கும் இடம்) எண்ணை எழுதி, ரிப்பீட்டட் ஸ்டார்ட் கொடுத்து, ஹெக்ஸ் (16 அடிமான எண்) எஃப்7 முதல் எஃப்இ வரை 8 பைட்டுகளை ஒரே தொடராகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பைட்டாகத் தனித்தனியே படித்தால், இடையில் புது அளவீடு வந்து பழைய மேல் பைட்டும் புதிய கீழ் பைட்டும் கலந்துவிடலாம். தொடராகப் படிக்கும்போது அந்தக் கலப்பு நேராமல் சிப்பே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, சென்சிரியன் நிறுவனத்தின் எஸ்எச்டி31. இதற்கு ரெஜிஸ்டர் எண் என்ற பேச்சே இல்லை. ஹெக்ஸ் 2400 போன்ற 16 பிட் கட்டளையை அனுப்பி, அளவீடு முடியும்வரை ஏறத்தாழ 15 மில்லிசெகண்ட் காத்திருந்து, பிறகு 6 பைட்டுகள் படிக்க வேண்டும்: வெப்பநிலைக்கு இரண்டு, அதன் சிஆர்சி (பிழை இருக்கிறதா என்று பார்க்கும் பைட்) ஒன்று, ஈரப்பதத்துக்கு இரண்டு, அதன் சிஆர்சி ஒன்று. அவசரப்பட்டு முன்பே படிக்கப் போனால் நாக்.

மூன்றாவது, ஏடி24சி256 என்ற 32 கிலோபைட் ஈஈப்ராம் (மின்சாரம் போனாலும் தரவு அழியாத நினைவகச் சிப்). நினைவக முகவரி 16 பிட், ஒரு பக்கம் 64 பைட். ஒரு பக்கத்தை எழுதியதும் 5 மில்லிசெகண்ட் வரை தன் முகவரியைக் கூப்பிட்டாலும் பதில் தராது. அந்த நேரத்து நாக் பிழை இல்லை. ‘வேலை முடியவில்லை, மறுபடி கேள்’ என்று பொருள். இதைப் புரிந்துகொள்ளாத இடைமுகம் ஈஈப்ராமுக்கு உதவாது.

ஆர்டுயினோவின் வயர்

கோடிக்கணக்கான பலகைகளுக்குப் போய்ச் சேர்ந்த எளிமை, ஆர்டுயினோவின் ஐ2சி நூலகமான வயருக்கு உண்டு. ஐ2சி என்றால் என்னவென்று தெரியாதவரையும் பத்து நிமிடத்தில் பேச வைத்துவிடும். அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் வடிவமைப்பு கம்பியில் நடப்பதை மறைக்கிறது. ரைட் அழைக்கும்போது எதுவும் கம்பிக்குப் போவதில்லை. பைட்டுகள் ஒரு இடையகத்தில் (தற்காலிக நினைவிடம்) சேர்கின்றன. எண்ட்டிரான்ஸ்மிஷன் அழைக்கும்போதுதான் பரிமாற்றமே நடக்கிறது. அதற்குள் ஃபால்ஸ் என்று கொடுத்தால் ரிப்பீட்டட் ஸ்டார்ட், கொடுக்காவிட்டால் ஸ்டாப். இவ்வளவு முக்கியமான முடிவு, பெயரில்லாத ஒரு உண்மை-பொய் மதிப்பில் ஒளிந்திருக்கிறது.

ஊனோ போன்ற ஏவிஆர் பலகைகளில் அந்த இடையகம் 32 பைட் மட்டுமே. ஈஈப்ராமின் ஒரு பக்கத்துக்கு முகவரியோடு சேர்த்து 66 பைட் வேண்டும். இங்கே 30 பைட் தரவுக்குமேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாது. கொள்ளளவைத் தாண்டும் பைட்டை ரைட் ஏற்காமல் 0 என்று திருப்பித் தரும். அந்த மதிப்பைப் பார்க்கும் நிரல்கள் அரிது, எனவே மீதி பைட்டுகள் சத்தமில்லாமல் விடுபடும்.

பிழைச் செய்தியில் வயருக்கு நல்ல மதிப்பெண் தரலாம். முகவரிக்கு நாக் என்றால் 2, தரவுக்கு நாக் என்றால் 3 என்று பிரித்துச் சொல்கிறது. ஈஈப்ராமுக்காகக் காத்திருக்க இது போதும். ஆனால் ஒரு கம்பி தாழ்நிலையில் சிக்கிக்கொண்டால், ஏவிஆர் வயர் முடிவில்லாத சுற்றில் மாட்டி முழு நிரலும் உறைந்துவிடும். இதற்கான காலக்கெடு வசதி 2020ல்தான் வந்தது. அதுவும் தானாக இயங்காது. செட்வயர்டைம்அவுட் என்று நீங்களே அழைக்க வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் ஓடும் எந்தக் கருவியிலும் அந்த ஒரு வரியைச் சேர்க்காமல் விடாதீர்கள்.

லினக்ஸ்: ஒரே கோப்பு, மூன்று வழிகள்

லினக்ஸில் பஸ் ஒரு கோப்பாகத் தெரியும்; ராஸ்பெரி பையில் வழக்கமாக ஐ2சி-1. அதைத் திறந்த பிறகு பேச மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றென்று நினைத்துக் கலப்பதால்தான் நிறையப் பேர் அல்லல்படுகிறார்கள்.

முதல் வழி, சாதாரண ரைட், ரீட். ஐஓசிடிஎல் (லினக்ஸின் மையமான கர்னலுக்குக் கட்டளை தரும் அழைப்பு) மூலம் முகவரியைச் சொல்லிவிட்டு, சாதாரணக் கோப்பில் செய்வதுபோலவே எழுதலாம், படிக்கலாம். ஒவ்வொரு அழைப்பும் ஸ்டார்ட்டில் தொடங்கி ஸ்டாப்பில் முடியும் தனிப் பரிமாற்றம். பிஎம்இ280க்கு இது சரியான வடிவம் அல்ல: எண்ணை எழுதியதற்கும் தரவைப் படிப்பதற்கும் நடுவில் ஸ்டாப் விழுகிறது, அந்த இடைவெளியில் அதே சிப்போடு இன்னொரு நிரல் பேசி ரெஜிஸ்டர் எண்ணை மாற்றிவிடலாம். எஸ்எச்டி31க்கோ இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. கட்டளை, காத்திருப்பு, படிப்பு என்று அந்தச் சிப் கேட்பதே இந்த வடிவத்தைத்தான்.

இரண்டாவது வழி, எஸ்எம்பஸ் சார்புகள் (ஃபங்ஷன்கள்). எஸ்எம்பஸ் என்பது 1990களின் நடுவில் இன்டெல் வகுத்த, ஐ2சியின் மேல் அமைந்த கட்டுப்பாடான நெறிமுறை. ‘ஒரு கட்டளை பைட் அனுப்பு, ஒரு பைட் படி’ என்ற ரகச் செயல்கள் ஆயத்தமாக இருக்கும், ரிப்பீட்டட் ஸ்டார்ட்டும் சரியாக நடக்கும். பிஎம்இ280க்கு இது கச்சிதம். 8 பைட்டுத் தொகுப்பை ஒரே அழைப்பில் படித்துவிடலாம். இந்த வகைச் சிப்பை விட்டு வெளியே வந்தால் சிக்கல் தொடங்குகிறது. கட்டளை ஒரு பைட்தான், தொகுப்பின் உச்சவரம்பு 32 பைட். எஸ்எச்டி31க்கு 16 பிட் கட்டளையின் பாதியைக் கட்டளை என்றும் மீதியைத் தரவு என்றும் ஏமாற்றி அனுப்ப வேண்டும். படிக்கும்போதோ டேட்டாஷீட்டில் இல்லாத ஒரு பைட்டை முன்னால் அனுப்பியாக வேண்டும். இணையத்தில் சுற்றும் மாதிரி நிரல்கள் பலவும் இப்படித்தான் செய்கின்றன. வேலை செய்கிறது என்பதற்காக அதைச் சரி என்று என்னால் சொல்ல முடியாது.

16 பிட் மதிப்பைப் படிக்கும் வேர்ட் சார்பில் இன்னொரு பொறி இருக்கிறது. எஸ்எம்பஸ் விதிப்படி கீழ் பைட் முதலில் வரும். எல்எம்75, டிஎம்பி102 போன்ற வெப்பநிலைச் சிப்களோ மேல் பைட்டை முதலில் அனுப்பும். 25 டிகிரிக்கு ஹெக்ஸ் 1900 வரவேண்டிய இடத்தில் ஹெக்ஸ் 0019 வந்து நிற்கும். இரண்டு பைட்டையும் இடம் மாற்றிக்கொள்ள வேண்டியது நிரல் எழுதுபவரின் பொறுப்பு.

மூன்றாவது வழி, ஆர்டிடபிள்யூஆர் என்ற ஐஓசிடிஎல். எழுது, படி என்ற செய்திகளை ஒரு பட்டியலாக்கிக் கொடுத்தால், நடுவில் ஸ்டாப் இல்லாமல் ரிப்பீட்டட் ஸ்டார்ட்களோடு முழுப் பட்டியலையும் ஒரே பரிமாற்றமாக நடத்தும். ஒரே அழைப்பில் 42 செய்திகள் வரை போகலாம். ஈஈப்ராமுக்கு இரண்டு பைட் முகவரி எழுதி உடனே படிப்பது, 66 பைட்டை ஒரே தடவையில் அனுப்புவது எல்லாம் இதில் இயல்பாக அமையும். டேட்டாஷீட்டின் படத்தைப் பார்த்து வரிக்கு வரி நிரலாக எழுத முடிகிற லினக்ஸ் வழி இதுதான். ஆனால் இரண்டு செய்திகளுக்கு நடுவே காத்திருக்கச் சொல்ல முடியாது. எஸ்எச்டி31க்குக் கட்டளையையும் படிப்பையும் ஒரே பட்டியலில் போட்டால் அளவீடு முடியுமுன்னே படிக்கப் போய் நாக்கில் நின்றுவிடும். அதற்கு இரண்டு தனி அழைப்புகள் வேண்டும்.

பிழைச் செய்தியில் லினக்ஸ் என்னை ஏமாற்றுகிறது. முகவரிக்கு ஆக் வராவிட்டால் ஈஎன்எக்ஸ்ஐஓ என்று கர்னல் ஆவணம் சொல்கிறது. ராஸ்பெரி பையின் டிரைவரோ ஈரிமோட்ஐஓ தருகிறது; பைத்தானில் எல்லாரும் பார்த்திருக்கும் ‘எர்னோ 121’ அதுதான். பலகைக்குப் பலகை எண் மாறுவதால், ‘காத்திரு’ என்ற நாக்கையும் உண்மையான கோளாறையும் பிரிக்கும் நிரலை எல்லாப் பலகைக்கும் பொதுவாக எழுதுவது கடினம்.

பைத்தானில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய எஸ்எம்பஸ் தொகுதியை விட்டுவிட்டு எஸ்எம்பஸ்2ஐ எடுங்கள். பழையதில் இரண்டாம் வழி மட்டுமே உண்டு. புதியதில் ஆர்டிடபிள்யூஆரும் இருக்கிறது. சிறு கட்டுப்படுத்திகளுக்கான பைத்தானாகிய மைக்ரோபைத்தானில் ரீட்ஃப்ரம்_மெம் என்ற செயலுக்கு நினைவக முகவரி எத்தனை பிட் என்றும் சொல்லலாம். 16 என்று கொடுத்தால் ஈஈப்ராமை ஒரே வரியில் படித்துவிடலாம். சிறு கட்டுப்படுத்திகளில் தொடங்குபவர்களுக்கு வயரைவிட இதையே பரிந்துரைப்பேன். பிழை எண் இங்கும் பலகைக்குப் பலகை மாறும்: சிப் இல்லாவிட்டால் இஎஸ்பி32 பலகையில் 19, ராஸ்பெரி பை பைக்கோ பலகையில் 5.

எஸ்டிஎம்32 ஹால், ரஸ்ட்

எஸ்டி நிறுவனம் தன் எஸ்டிஎம்32 கட்டுப்படுத்திகளுக்குத் தரும் ஹால் (வன்பொருளை மறைத்துப் பேசும் அடுக்கு) நூலகத்தில் நினைவக முகவரியின் அகலத்தைச் சொல்லலாம், காலக்கெடு கொடுத்தே ஆக வேண்டும், சிப் தயாரா என்று கேட்கத் தனிச் சார்பே உண்டு. ஈஈப்ராமுக்கு அருமை. ஒரே தொல்லை, 7 பிட் முகவரியை இடப்பக்கம் ஒரு பிட் தள்ளிக் கொடுக்க வேண்டும். ஹெக்ஸ் 76 இங்கே ஹெக்ஸ் இசி ஆகிவிடும். ஆர்டுயினோவிலிருந்து வருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது.

எனக்கு மனதார மதிப்புள்ள வடிவமைப்பு ரஸ்ட் நிரல்மொழியின் எம்பெடட்-ஹால். 2024 ஜனவரியில் வந்த 1.0 பதிப்பில், ஒரு பலகைக்கு ஐ2சி ஆதரவு எழுதுபவர் கட்டாயம் எழுத வேண்டிய செயல் ஒன்றே ஒன்று: டிரான்சாக்‌ஷன். படிப்பதும் எழுதுவதும் எழுதிப் படிப்பதும் அதன்மேல் தாமாக அமைந்துவிடும். எழுத்திலிருந்து படிப்புக்கு மாறும்போது ரிப்பீட்டட் ஸ்டார்ட், ஒரே திசையில் அடுத்தடுத்து வந்தால் இடையில் எதுவும் இல்லை, கடைசியில் ஸ்டாப் என்று விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். நாக் முகவரிக்கா தரவுக்கா என்று பிரித்துச் சொல்லப் பொதுவான பிழை வகைகளும் உண்டு. அதனால் பிஎம்இ280க்கு ஒருமுறை எழுதிய டிரைவர் எஸ்டிஎம்32லும் பைக்கோவிலும் லினக்ஸிலும் மாறாமல் ஓடும், சிப்பே இல்லாமல் போலி பஸ்ஸை வைத்துச் சோதிக்கவும் முடியும். லினக்ஸில் அடியில் இருப்பது அதே கர்னல் எண்கள்தான் என்பதால் அங்கே மட்டும் பிழையின் துல்லியம் குறையும்.

எழுதாமலே விடுவது

லினக்ஸ் பலகை என்றால், மேலே சொன்னவற்றுக்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது கர்னலில் டிரைவர் இருக்கிறதா என்பதை. நான் எடுத்த மூன்று சிப்களுக்குமே இருக்கிறது. பிஎம்இ280ஐ பிஎம்பி280 டிரைவர் பார்த்துக்கொள்ளும்; எஸ்எச்டி31க்கு எஸ்எச்டி3எக்ஸ், ஈஈப்ராமுக்கு ஏடி24. பஸ்ஸின் நியூ_டிவைஸ் கோப்பில் சிப்பின் பெயரையும் முகவரியையும் எழுதினாலே போதும். நிலையாக வேண்டுமானால் டிவைஸ் டிரீயில் (பலகையில் என்ன வன்பொருள் இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் பட்டியல்) சேர்க்கலாம். அதன்பின் வெப்பநிலை ஒரு கோப்பில் மில்லிடிகிரியாகக் கிடைக்கும்: 25 டிகிரி என்றால் 25000. பிஎம்இ280இன் அளவுத்திருத்தக் கணக்கு, எஸ்எச்டி31இன் காத்திருப்பு, ஈஈப்ராமின் பக்க எல்லை எல்லாம் உள்ளே முடிந்துவிடும்.

டிரைவர் பிடித்துக்கொண்ட சிப்பை ஐ2சிடிடெக்ட் கட்டளை யூயூ என்று காட்டும். அந்த முகவரியை முதல் இரண்டு வழிகளில் கேட்டால் கர்னல் மறுத்துவிடும். ஆர்டிடபிள்யூஆர் வழியிலோ அந்தச் சரிபார்ப்பு இல்லை. டிரைவர் பேசிக்கொண்டிருக்கும் சிப்பிடம் உங்கள் நிரலும் தாராளமாகப் போய்ப் பேசலாம். அதனால், டிரைவரை ஏற்றிய சிப்பை ஆர்டிடபிள்யூஆரால் தொடாதீர்கள். கர்னலுக்குத் தெரியாத புதிய சிப் என்றால் நேராக ஆர்டிடபிள்யூஆருக்கு வாருங்கள்; டிரைவர் தராத ஒரு சிறப்பு ரெஜிஸ்டர் வேண்டும் என்றால் முதலில் டிரைவரை விடுவித்துவிட்டு, பிறகு வாருங்கள்.