பேங்க்ஸி பிரிண்ட் வாங்குகிறீர்களா? கிழிந்த நோட்டைக் கேளுங்கள்

பேங்க்ஸி, தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு சுவர்களில் ஸ்டென்சில் படங்கள் அடிக்கும் பிரிட்டிஷ் கலைஞர். ஆன்லைனில் 'பேங்க்ஸி ஒரிஜினல்' வாங்கி ஏமாந்தவர்களுக்கு வந்து சேர்ந்த பார்சல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். 2015இல் பேங்க்ஸி நடத்திய டிஸ்மாலேண்ட் கண்காட்சியில் கொடுத்ததாக ஓர் அட்டையோ கேன்வாஸ் துண்டோ இருக்கும். பின்னால் ரப்பர் ஸ்டாம்ப், கூடவே ஒரு நுழைவுச்சீட்டு, யாரோ அச்சடித்த சான்றிதழ். ஸ்டாம்பு செய்து தர எந்தக் கடையும் போதும்.

ஸ்டென்சில் என்பதே நகலெடுக்கப் பிறந்த கலை. வெட்டிய அட்டைமேல் யார் ஸ்ப்ரே அடித்தாலும் அதே உருவம்தான் விழும். பேங்க்ஸி வரையும் எலிகளுக்கு முன்பே, 1981இலிருந்து பாரிஸ் சுவர்களில் எலி உருவங்களை ஸ்டென்சிலில் அடித்தவர் பிரெஞ்சுக் கலைஞர் பிளெக் லெ ரா. ஒருவர் பாணியை இன்னொருவர் எடுத்துக்கொள்வது வேறு, அவர் பெயரிலேயே விற்பது வேறு. 2013 அக்டோபரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் பக்கம் நடைபாதைக் கடை போட்டு, அசல் கேன்வாஸ்களை 60 டாலருக்கு விற்க வைத்தார் பேங்க்ஸி. நாள் முழுக்க வசூல் 420 டாலர். அடுத்த வாரம் அதே இடத்தில் வேறு இருவர், போலி என்று சொல்லியே நாற்பது நகல்களை விற்றார்கள். நாற்பதும் சீக்கிரமே காலி! கண்ணை நம்பி வாங்குவதன் லட்சணம் இதுதான்.

முதலில் பிரிண்டில் எழுதியுள்ள பிரதி எண்ணைப் பாருங்கள். 2004இல் வந்த 'பலூன் சிறுமி' பிரிண்ட் கையெழுத்துடன் 150, கையெழுத்தில்லாமல் 600. அதுபோக ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப்கள் (இந்த எண்ணிக்கையில் சேராத, கலைஞருக்கான தனிப் பிரதிகள்) உண்டு. 212/300, அதாவது 300 பிரதிகளில் 212ஆவது என்று பென்சிலில் எழுதியிருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். அசல், வலைத்துணி வழியே மையை அழுத்தி அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்ட்; அதில் பலூனின் சிவப்பு ஒரே படலமாக, புள்ளியில்லாமல் தாள்மேல் படிந்திருக்கும். நீலம், மஞ்சள், மெஜந்தா புள்ளிகள் தெரிந்தால் அது சாதாரண இங்க்ஜெட் அல்லது ஆஃப்செட் அச்சு. புள்ளி இல்லை என்பதற்காக அசல் என்று ஆகிவிடாது. போலிக்காரர்களுக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் தெரியும்.

முடிவு சொல்ல வேண்டியது 2008இல் பேங்க்ஸி தரப்பு தொடங்கிய, அசலா என்று சரிபார்த்துச் சான்றிதழ் தரும் பெஸ்ட் கன்ட்ரோல் அமைப்பு. அவர்களுடைய சான்றிதழில் இளவரசி டயானா முகம் போட்டு பேங்க்ஸி அச்சடித்த விளையாட்டுப் பத்து பவுண்ட் நோட்டின் பாதி குத்தப்பட்டிருக்கும்; கையால் எழுதிய எண் கிழிசலில் இரண்டாகப் பிரியும், மறுபாதி அவர்களிடம். அதையும் போலியாகச் செய்கிறார்கள் என்பதால், சான்றிதழைக் கண்ணால் பார்த்ததோடு நிற்காமல், அதை உங்கள் பெயருக்கு மாற்றித் தர விற்பவர் சம்மதிப்பாரா என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். மழுப்பினால் விலகுங்கள்.

சுவரிலிருந்து பெயர்த்ததாகச் சொல்லும் துண்டுகளுக்கு பெஸ்ட் கன்ட்ரோல் சான்றிதழே தருவதில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுத்து வையுங்கள், விற்பவர் அழித்துவிடுவார். பிறகு பணம் செலுத்திய கார்டு நிறுவனத்திடம் புகார் கெடு முடிவதற்குள் எழுதுங்கள்.