கிவ்ரியிலிருந்து க்ளூனி வரை நான்கு நாள் ஓட்டம்: ஒரு பயணச் சேவையின் மதிப்புரை

பினாங்கில் ஓடுகிறவர்களுக்கு வெயிலோடுதான் போட்டி. இங்குள்ள பாலத்து மராத்தான் நள்ளிரவு தாண்டியதும் தொடங்குவதற்கும், தண்ணீர்மலைப் பூங்காவில் விடியுமுன்னே கைவிளக்கோடு ஆட்கள் ஓடுவதற்கும் அதுவே காரணம். பாலிக் பூலாவ் வயல்வெளிச் சாலைகளில் பதினைந்து ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஓடிவரும் எனக்கு, காலை பத்து மணிக்குப் புறப்பட்டும் வியர்வை கண்ணில் இறங்காமல் நாட்டுப்புறத்தில் ஓட முடியுமா என்பது நெடுநாள் ஆசையாக இருந்தது. சென்ற செப்டம்பரில் பிரான்சின் பர்கண்டி வட்டாரத்துக்கு என் மைத்துனரோடு போய் அதை நிறைவேற்றிக்கொண்டேன். பாதைக்கு முழு மதிப்பெண் தருவேன்; அதை எங்களுக்கு விற்ற நிறுவனத்துக்குப் பாதிதான்.

நாங்கள் வாங்கியது வழிகாட்டி இல்லாத பயணத் திட்டம். நான்கு இரவுக்கு அறை, காலைப் பசியாறல், பெட்டியை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வேனில் கொண்டு சேர்ப்பது, கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் வழித்தடக் கோப்பு, அச்சிட்ட குறிப்பேடு ஆகியவை அதில் அடங்கும். விமானச் சீட்டு நீங்கலாக ஆளுக்கு ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளி ஆயிற்று. நான் ஓட, முழங்கால் வலிக்காரரான மைத்துனர் வாடகை மிதிவண்டியில் வருவது என்று ஏற்பாடு.

பாதையின் முதுகெலும்பு பழைய இரயில் தடம். ஷலோன் நகருக்கு மேற்கே உள்ள கிவ்ரி என்னும் சிற்றூரிலிருந்து தெற்கே க்ளூனி வரை 44 கிலோமீட்டருக்குத் தண்டவாளங்களை அகற்றிவிட்டுத் தார் போட்டிருக்கிறார்கள். 1997-இல் திறக்கப்பட்ட இதுதான் பிரான்சின் முதல் ‘வுவா வேர்த்’, அதாவது பசுமை வழி. மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மேடு பள்ளம் நிறைந்த நிலத்தின் நடுவே செல்லும் இந்தப் பாதையில் மட்டும் ஏற்றம் தெரியாதது முதல் நாள் எனக்கு வியப்பாக இருந்தது. நீராவி இயந்திரம் செங்குத்தாக ஏறாது. ஆகவே குன்று வந்த இடத்தில் அதைக் குடைந்தும், பள்ளம் வந்த இடத்தில் மண்ணை மேடாக்கியும் தடம் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பொறியாளர்கள் வண்டிக்காகச் செய்த அந்த வேலையின் பயனை இன்று நம் கெண்டைக்கால்கள் அனுபவிக்கின்றன. பதினைந்து கிலோமீட்டர் ஓடிய பின்னும் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகலாம்.

முதல் நாள் கிவ்ரியிலிருந்து புஸ்ஸி வரை. எழுத்துப்படி ‘புக்ஸி’ என்று படிக்கத் தோன்றும் பெயரை அவ்வூரார் ‘புஸ்ஸி’ என்றுதான் சொல்கிறார்கள். இரு பக்கமும் திராட்சைத் தோட்டம். நாங்கள் போனது அறுவடை வாரம். நம் பால்மரத் தோட்டங்களில் காலை வேளையில் வரும் புளித்த வாடை பழகியவர்களுக்கு இங்கே வரும் வாடை புதிதாகவும் இருக்கும், எங்கோ முகர்ந்ததாகவும் இருக்கும்: நசுங்கிய பழத்தின் இனிப்பும் லேசான புளிப்பும் கலந்தது. பழம் ஏற்றிய டிராக்டர்கள் பாதையைக் குறுக்கே கடக்கும் இடங்களில் தார் முழுவதும் சாறு சிந்தி, காலணி ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. ஓரத்தில் நின்று பசியாறிக்கொண்டிருந்த அறுவடைக்காரர்களின் விரல்கள், தோட்டப் பாட்டிமார் வெற்றிலை போட்ட வாய் போலச் சிவந்திருந்தன.

தார்ப்பாதை மிதிவண்டிக்கு ஏற்றது. ஆனால் நாள் முழுக்க ஓடுபவரின் முழங்காலுக்கு அது கடினம் என்பதைச் சொல்லியாக வேண்டும். மேலும் வார இறுதியில் மிதிவண்டிக் குடும்பங்களும் சக்கரக் காலணிக்காரர்களும் பின்னாலிருந்து மணியடித்தபடியே இருப்பார்கள். இரண்டாம் நாளிலிருந்து நான் அடிக்கடி விலகி, ஊர்களைச் சுற்றிக் கிளை பிரியும் மண்பாதைகளில் ஓடினேன். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கிளைப்பாதைகளே. வேலிச்செடிகளுக்கு நடுவே ஆள் அகலத்துக்கு ஒரு தடம், அப்பால் புல்வெளி, அதில் கோயில் மாடுகளைப் போல வெள்ளை வெளேரென்று ஷரோலே இனப் பசுக்கள். எந்தப் பசுவும் ஓடுபவனை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. வாழைப்பழத்தைக் கண்டால் பாய்ந்து வரும் நம் பூங்காவனத்துக் குரங்குகளை நினைத்துக்கொண்டேன்.

இப்பாதைகளில் வழி தவறுவது கடினம். பிரெஞ்சு நாட்டில் 1947-இல் ஓர்லேயான் நகருக்கருகே முதல் நெடும்பாதைக்குக் குறியிட்டதிலிருந்து ஒரே முறையைக் கடைப்பிடிக்கிறார்கள்: நெடும்பாதைக்கு வெள்ளை சிவப்புக் கோடுகள், ஊர்ச்சுற்றுப் பாதைக்கு மஞ்சள் கோடு, கோடு வளைந்திருந்தால் திரும்ப வேண்டும், பெருக்கல் குறி இருந்தால் தவறான வழி. மரத்திலும் மின்கம்பத்திலும் வேலிக்கல்லிலும் அவற்றைத் தீட்டியிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் கண் பழகிவிடும். இதோடு, தேசிய நில அளவை நிறுவனம் வெளியிடும், நான்கு சென்டிமீட்டரை ஒரு கிலோமீட்டராகக் காட்டும் வரைபடம் ஒன்று கையில் இருந்தால் வேறெதுவும் தேவையில்லை.

தேவையில்லை என்று இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம், நாங்கள் காசு கொடுத்து வாங்கிய வழித்தடக் கோப்புதான். மூன்றாம் நாள், மஞ்சள் கோடு இடப்புறம் திரும்பு என்று சொன்ன இடத்தில் கைப்பேசி நேரே போ என்றது. நான் கைப்பேசியை நம்பினேன். அரைக் கிலோமீட்டர் தாண்டியதும் பூட்டிய வாயில் ஒன்றும், அதையொட்டி ஒற்றைக் கம்பி வேலியும் வந்தன. குனிந்து நுழைந்துவிடலாம் என்று கம்பியைத் தொட்ட கணத்தில் தோள்பட்டை வரை சுரீர் என்றது. மாடுகளுக்காகப் போட்ட மின்வேலி. ஆபத்தில்லை, மானம்தான் போயிற்று. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ நடந்து பதிந்த தடத்தை மறுபடி சரிபார்க்காமலே அந்த நிறுவனம் விற்றுக்கொண்டிருக்கிறது என்று பின்னர் விடுதிக்காரர் சொல்லித் தெரிந்தது.

குறிப்பேட்டில் இல்லாத மற்றொன்று தண்ணீர். பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் நண்பகல் முதல் இரண்டு மணி வரை கடை அடைப்பது வழக்கம். திங்கட்கிழமை என்றால் பல ஊர்களில் ரொட்டிக்கடை திறப்பதே இல்லை. நம் ஊரில் நள்ளிரவிலும் மாமாக் கடையில் தே தாரே கிடைக்கும் என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்கள் இதை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை நண்பகல், புட்டியில் ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் மிச்சம். எதிரே வந்த மூதாட்டி ஒருவர் எங்கள் புட்டியைப் பார்த்துவிட்டுத் தேவாலயத்துக்குப் பின்னால் கைகாட்டினார். போய்ப் பார்த்தால் கல்லறைத் தோட்டம். பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அங்கே குழாய் வைத்திருக்கிறார்கள். ‘ஓ நோன் பொட்டாப்ல்’ என்ற பலகை இருந்தால் அந்த நீரைக் குடிக்கக் கூடாது. அங்கே அது இல்லை. இறப்பு வீட்டுக்குப் போய்வந்தாலே தலை முழுகாமல் வாசற்படி ஏறவிடாத குடும்பத்தில் பிறந்த நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பின் வயிறு முட்டக் குடித்தோம். “அம்மாகிட்ட இதை மட்டும் சொல்லிடாதீங்க, மாப்பிள்ளை” என்றார் மைத்துனர். இந்தக் குழாய்களைப் பற்றி ஒரே ஒரு வரி அந்தக் குறிப்பேட்டில் இருந்திருந்தால் அதன் விலையில் பாதியாவது நியாயமாகியிருக்கும்.

பெட்டி விவகாரம் இரண்டு விதமாகவும் அமைந்தது. காலை ஒன்பது மணிக்குள் வரவேற்பறையில் வைத்துவிட்டால் மாலை ஐந்துக்குள் அடுத்த விடுதியில் இருக்கும் என்பது ஒப்பந்தம். மூன்று நாள் அப்படியே நடந்தது. முதுகில் சுமையின்றி, இடுப்பில் ஒரு புட்டியோடு ஓடியது அதனால்தான். ஒரு நாள் மட்டும் இரவு ஏழரைக்குத்தான் வந்தது. பகலில் இதமாக இருந்த அந்த ஊர்க் காற்று சூரியன் சாய்ந்ததும் குளிர்ந்துவிட, ஈரச் சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்து நடுங்கினேன். அழைத்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. விடுதிக்கார அம்மையார் தம் கணவரின் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து தந்தார். அது என்னைப் போல் இருவரை உள்ளடக்கும்.

மறுபடி போனால் பெட்டி தூக்கும் சேவையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு, அறையை நானே பதிவு செய்து, வரைபடத்தைக் கடையில் வாங்கிக்கொள்வேன். பிரெஞ்சு சிறிதும் தெரியாதவர்களுக்கும், அறை தேடும் பொறுமை இல்லாதவர்களுக்கும் முழுத் திட்டமே வசதி. ஆனால் வழித்தடக் கோப்பைவிடச் சுவரில் இருக்கும் மஞ்சள் கோட்டை நம்புங்கள். இலையுதிர் காலத்தில் வேட்டைப் பருவமும் தொடங்கிவிடுவதால், காட்டுப் பக்கம் ஓடுவோர் பளிச்சென்ற நிறத்தில் சட்டை அணிவது நல்லது.

க்ளூனியில் ஒரு நாள் ஓய்வு வைத்துக்கொள்வது பொருத்தம். 910-இல் நிறுவப்பட்ட அந்த மடத்தின் மூன்றாம் தேவாலயம் 187 மீட்டர் நீளம். ரோமில் புதிய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறித்தவ உலகில் அதைவிடப் பெரியது இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அதை விற்றுக் கல் கல்லாக உடைத்தெடுத்துவிட்டார்கள். எஞ்சிய எண்கோண மணிக்கோபுரத்திலிருந்து இடிந்த தூண்களின் அடிப்பகுதி வரை நடந்து பார்த்தேன்; ஓடிக் களைத்த காலுக்கு அந்தத் தூரமே பெரிதாகத் தோன்றியது.

அங்கிருந்து மாக்கோன் பக்கம் பசுமை வழி தொடர்கிறது. அதில் வரும் புவா கிளேர் சுரங்கம் 1,600 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம். வௌவால்கள் உறங்குவதற்காகக் குளிர்மாதங்களில் அதை மூடிவிடுவார்கள். அப்போது குன்றின் மேல் ஏறித்தான் கடக்க வேண்டும். நாங்கள் போனபோது திறந்திருந்தது. வெளியே வெயில் ஏறியிருந்த நேரத்தில் உள்ளே நுழைந்ததும் வாயிலிருந்து ஆவி வந்தது. என் காலடிச் சத்தம் எனக்கு முன்னே ஓடியது. பின்னால், மைத்துனர் மிதிவண்டி மணியை விடாமல் அடித்துக்கொண்டே வந்தார். வௌவால்களுக்கு என்றார், பயத்தில் அடித்தது என்று எனக்குத் தெரியும்.