மா இருந்தது, நெருப்புத்தான் இல்லை: வீட்டுப் பாணும் இருப்புச் சாமானும்

முதலே சொல்லிவிடுகிறேன், வீட்டில் பாண் போட்டால் காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு கிலோ மாவில் 450 கிராம் இறாத்தல் மூன்று வரும், அதுவரை கணக்குச் சரிதான். பிறகு ஈஸ்ற், எண்ணெய், காஸ் அல்லது கரண்ட், அரை நாள் கவனம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் சந்திப் பேக்கரிக்காரரே மலிவு. ஆனால் அந்தப் பேக்கரி பூட்டிக் கிடக்கிற நாட்கள் எங்களுக்குப் புதிதில்லையே. 2020 மார்ச் ஊரடங்கில் தொடங்கியது, 2022 முழுக்க ஓடியது, இப்போதும் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டில் கிழமைக்கு ஒருக்கால் என்றாலும் பாண் போடுகிறோம். இத்தனை காலத்தில் எது நிலைத்தது, எதைக் கைவிட்டோம் என்பதை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

இருப்பு வைப்பதை நான் எந்த வீடியோவிலும் பார்த்துப் பழகவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையையும், 2006 ஓகஸ்டில் முகமாலைச் சோதனைச்சாவடி மூடப்பட்டு யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி இல்லாமற் போன காலத்தையும் கடந்த எந்த அம்மாவிடம் கேட்டாலும் ஒரு பட்டியல் மனப்பாடமாக வரும். கப்பலில் சாமான் வந்து, சங்கக்கடையில் குடும்ப அட்டைக்கு அளந்து கொடுத்த காலம் அது. அந்தத் தலைமுறை இன்னும் தீப்பெட்டியை ஒன்றாக வாங்காது. எங்கள் அம்மாவின் பட்டியலில் கோதுமை மா ஐந்தாவது ஆறாவதாகத்தான் வரும். முதலில் அரிசி, பிறகு பருப்பு, உப்பு, செத்தல் மிளகாய், ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு). சீனி இல்லாவிட்டால் பனங்கட்டி இருக்கிறது என்பார், தேத்தண்ணியோடு கடித்துக் குடிக்கலாம். நான் 2020இல் இருபத்தைந்து கிலோ மா மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியபோது அவர் கேட்ட முதற் கேள்வி, "உந்த மாவை எப்ப அவிக்கப் போறாய்?"

இந்த இடத்தில்தான் யாழ்ப்பாணத்து வீட்டுக்கும் பாணுக்கும் ஒரு தகராறு உண்டு. நாங்கள் கோதுமை மாவை வாங்கியதும் துணியில் கட்டி நீராவியில் அவித்து, சூடாறுமுன் உதிர்த்து, அரித்து, ஆறவிட்டு ரின்னில் போடுகிறோம். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அது வேண்டும். வண்டின் முட்டையும் அந்த ஆவியில் செத்துவிடும், அதனால் பச்சை மாவை விட நிம்மதியாக வைத்திருக்கலாம். ஆனால் அவித்த மாவில் பாண் வராது. மாவுக்கு இழுவை கொடுப்பது அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம், ஆவியில் வெந்தபிறகு அது வலை பின்னாது. எவ்வளவு பிசைந்தாலும் உதிரும், ஈஸ்ற் விடும் காற்றைப் பிடித்து வைக்க ஆளில்லை. ஆகவே பாணுக்கென்று பச்சை மாவைத் தனியாக வைக்கத்தான் வேண்டும், அதைக் காப்பாற்றுவதுதான் தலையிடி.

எங்கள் ஊர்ச் சூட்டில் மூட்டையோடு விட்ட மா இரண்டு மாதத்தில் நடக்கத் தொடங்கும். சிவந்த சின்ன வண்டு விழுந்தால் அரித்து எடுத்துவிடலாம் என்பார்கள். எடுக்கலாம், ஆனால் கூடிப்போனால் மாவில் ஒரு காரமான மணம் ஏறிவிடும், அந்த மா பாணுக்கும் உதவாது, றொட்டிக்கும் உதவாது. வேப்பிலையைக் காயவைத்துப் போடுவது, செத்தல் மிளகாய் போடுவது எல்லாம் செய்து பார்த்தாயிற்று. வெளியிலிருந்து வருவது கொஞ்சம் குறைகிறது, உள்ளே ஏற்கெனவே இருக்கிற முட்டைக்கு அதெல்லாம் பொருட்டில்லை. உண்மையில் வேலை செய்தது ஒன்றுதான்: வாங்கிய மாவை இரண்டு கிலோ பைகளாகக் கட்டி, பகுதி பகுதியாக நாலைந்து நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்து, குளிர் முழுக்க விட்டபிறகு (விடாமல் திறந்தால் வியர்த்துக் கட்டிபடும்) இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியில் அடைப்பது. இப்படி வைத்த வெள்ளை மாவை ஆறு மாதம் வரை பிரச்சினை இல்லாமல் பாவித்திருக்கிறோம். ஆட்டா மாவை அப்படி வைக்க முடியாது. அதில் முளைப்பகுதியின் எண்ணெயும் சேர்ந்து அரைபடுவதால் சிக்கு மணம் சீக்கிரம் வந்துவிடும், ஒரு மாதத்துக்கு மேற்பட வாங்குவதில்லை.

சரி, மா இருந்தது. 2022 வந்தபோது தெரிந்தது, பாணைத் தீர்மானிப்பது மா அல்ல.

அந்த வருடத்தை மறந்தவர் இருக்கமாட்டார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. காஸுக்கு வெறும் சிலிண்டர்களை வரிசையில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுப் போன காலம். 12.5 கிலோ சிலிண்டர் ஏப்ரலில் 2675 ரூபாயிலிருந்து 4860 ரூபாய்க்குப் போனது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. மண்ணெண்ணெய் ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாகத் துள்ளியது. எங்கள் பக்கத்தில் காஸிலும் டீசலிலும் ஓடிய பேக்கரிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன, பழைய விறகுப் போறணையை இடிக்காமல் வைத்திருந்தவர்கள்தான் தாக்குப்பிடித்தார்கள், விடியவே அங்கே வரிசை. பிட்டு பத்துப் பதினைந்து நிமிட ஆவியில் முடிந்துவிடும். பாணுக்கு அடுப்பு காயவே இருபது நிமிடம், பிறகு நாற்பது நிமிடம் விடாத நெருப்பு. குறைவான எரிபொருள் உள்ள வீட்டில் பாண் ஒரு ஆடம்பரம் என்று அப்போதுதான் விளங்கியது. அதனால் இப்போது யாராவது "என்ன இருப்பு வைக்கலாம்" என்று கேட்டால் மாவுக்கு முன்னம் விறகைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எங்களுக்குக் கைகொடுத்தது மேலும் கீழும் நெருப்புப் போடுகிற பழைய முறை. அவண் வராத காலத்தில் கேக்கையே அப்படித்தான் சுட்டார்கள். பெரிய அலுமினியப் பானை ஒன்று, அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கழுவிக் காயவைத்த ஆற்று மணல். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு பானையைத் தின்னும். மணலின் மேல் மூன்று தட்டைக் கல், அதன்மேல் பாண் அச்சு. மூடிக்குக் குழிவான பழைய தட்டு ஒன்றைக் கவிழ்க்காமல் வைத்தால் மேலே கரி போடலாம். சிரட்டைக்கரிதான் சிறந்தது, சூடு கூட, புகை குறைவு. ஊமற்கரியும், அதாவது பனங்கொட்டைக் கரியும் எரியும், ஆனால் சீக்கிரம் சாம்பலாகிவிடும் (ஊமற்கரியில் பல் விளக்கிய ஆட்கள் அதை அடுப்பில் போடுவதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், அது அவர்கள் பாடு). கீழே ஒரு பங்கு, மேலே இரண்டு பங்கு என்பது கணக்கு, சூடு மேலே போகிற சாமான் என்பதால் கீழே கூட்டினால் அடி கருகி மேல் வெள்ளையாக இருக்கும். இருபது நிமிடம் வெறும் பானையைக் காயவிட்டு, அச்சை இறக்கி மூடியபின் முதல் இருபது நிமிடம் திறந்து பார்க்கவே கூடாது. நாற்பது நிமிடத்தில் எடுத்துக் கவிழ்த்து அடியைத் தட்டினால் வெற்றுத் தகரம் மாதிரிச் சத்தம் கேட்கவேண்டும், பொத்தென்று கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், இதைப் பூட்டிய குசினிக்குள் செய்யவேண்டாம். கரி நெருப்பிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, ஆளையே கொல்லும். நாங்கள் கோடிப்பக்கத்து மாமர நிழலில் வைத்துத்தான் சுடுகிறோம்.

இந்தப் பானைப் பாண் பேக்கரி அச்சுப்பாண் போல வராது. மேற்பொருக்கு கொஞ்சம் தடிப்பு, ஒரு பக்கம் கூடச் சிவந்திருக்கும், லேசான புகைவாசம் உண்டு. பச்சை மிளகாய்ச் சம்பலுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்காது, அவர்களுக்குப் பஞ்சு மாதிரி இருக்கவேண்டும்.

அளவு: அரைக் கிலோ மா, 310 மில்லிலீற்றர் தண்ணீர், பத்துக் கிராம் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி சீனி. ஈஸ்ற் பைக்கற்றில் எழுதியிருக்கிற அளவில் பாதி போதும். அந்த அளவுகள் குளிர்நாட்டுக் குசினிக்கு எழுதப்பட்டவை. சித்திரை வெயிலில் எங்கள் மா நாற்பது நிமிடத்திலேயே இரட்டிப்பாகிவிடும், முழு அளவு போட்டால் புளித்து வாடை அடித்து, நெருப்பில் வைத்ததும் சப்பென்று இருந்துவிடும். கிணற்றுத்தண்ணீர் ஆறிக் குளிர்ந்ததாகவே விடலாம், இளஞ்சூட்டுத் தண்ணீர் என்ற பேச்சே இங்கே தேவையில்லை. எங்கள் சுண்ணக்கல் மண்ணின் தண்ணீர் கடினம் என்று எல்லோருக்கும் தெரியும், கேத்தலைப் பார்த்தாலே விளங்கும். பாணுக்கு அது கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை, மா கொஞ்சம் இறுக்கமாகவே நிற்கிறது.

ஈஸ்ற் தட்டுப்பாடானபோது கள்ளு. அப்பத்துக்குக் கள்ளு விடாத வீடு உண்டா, அதே வேலைதான். சுண்ணாம்பு பூசாத முட்டியில் இறக்கிய காலைக் கள்ளாக இருக்கவேண்டும், சுண்ணாம்பு பட்டால் அது கருப்பணி, புளிக்காது. ஒரு கோப்பைக் கள்ளை வடித்து அதேயளவு மாவோடு கரைத்து மூடிவைத்தால் சில மணித்தியாலத்தில் நுரைத்துப் பொங்கும், அதை விட்டு மிச்ச மாவைப் பிசையவேண்டும். ஈஸ்ற்றை விட மூன்று மடங்கு நேரம் எடுக்கும், ஆனால் மணம், அதைப் பேக்கரியில் வாங்கவே முடியாது. வெறி வராது, நெருப்பில் பெரும்பாலும் போய்விடும் என்று பக்கத்து வீட்டு அன்ரிக்கு விளங்கப்படுத்தவேண்டி வந்தது, அவர் சைவம், விரத நாட்களில் இன்றும் அந்தப் பாணைத் தொடமாட்டார். பின்னேரக் கள்ளு வேண்டாம், புளிப்பு மிஞ்சும். பனங்கள்ளுக் காலம் முடிந்தால் தென்னங்கள்ளு, தவறணையில் ஒரு போத்தல் வாங்குவது பெரிய காரியமில்லை, வாங்கப் போகிற ஆளைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

புளிமா வளர்ப்பதைப் பற்றி வெளிநாட்டுச் சொந்தக்காரர் நிறையச் சொல்லித் தந்தார்கள். போத்தலில் மாவும் தண்ணீரும் விட்டு நாள்தோறும் ஊட்டுகிற அந்தச் சங்கதி. எங்கள் சூட்டில் அதற்குக் காலையும் மாலையும் தீனி வேண்டும், பாதியை எறியவும் வேண்டும். மா தட்டுப்பாடான காலத்தில் மாவை எறிகிற முறையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம் என்றால் கரண்ட் எங்கே? அதற்குப் பதிலாக, பிசைந்த மாவில் ஒரு எலுமிச்சங்காய் அளவு எடுத்து உப்புக் கொஞ்சம் கூடச் சேர்த்து மூடிவைத்து, அடுத்தநாள் மாவோடு பிசைவது எவ்வளவோ சுலபம். ஈஸ்ற்றும் பாதியாகக் குறையும்.

மாவை நீட்டப் பார்த்த கதையும் உண்டு. குரக்கன் மா ஐந்தில் ஒரு பங்கு வரை போகலாம், நிறம் மண் மாதிரி, சுவை நல்லது. அரிசி மா சேர்த்தால் அடுத்தநாளே உதிர்கிறது. ஒடியல் மாவை ஒரு கைக்கு மேற்போட்டால் கசப்பு முன்னுக்கு வரும், பாண் எழும்பவும் மாட்டாது. ஒடியலுக்கு அதன் இடம் கூழ்தான், பிட்டுத்தான், அதை அங்கேயே விடுவது மரியாதை. மரவள்ளிக் கிழங்கை அவித்து மசித்துச் சேர்த்தது எதிர்பாராமல் நன்றாக வந்தது, பாண் இரண்டாம் நாளும் மெதுமையாக இருந்தது.

மிஞ்சிய பாணைக் குளிர்ப்பெட்டியில் வைப்பவர்கள் கவனிக்க, அங்கேதான் அது வேகமாகக் காய்ந்து விறைக்கும். வெளியே வைத்தால் மாரிக்குள் மூன்றாம் நாள் பூஞ்சணம். துண்டாக வெட்டி, கரி அணைகிற பானைக்குள்ளேயே திரும்ப அடுக்கிவிட்டால் இரவோடு ரஸ்க் ஆகிவிடும், ரின்னில் போட்டு மூன்று கிழமை தின்னலாம். இதற்கு மேலதிக நெருப்பே தேவையில்லை என்பதால் இதை வழக்கமாகவே ஆக்கிவிட்டோம்.

இப்போது கரண்ட் ஒழுங்காக வருகிறது, மேசை அவண் ஒன்றும் இருக்கிறது, ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒரு யூனிற் போகும், இரண்டு அச்சை ஒன்றாக வைத்தால்தான் கட்டும். என்றாலும் மணல் பானையைக் கழுவி எடுத்து வைக்கவில்லை. வீட்டில் எப்போதும் இருப்பது: பச்சை மா எட்டுப் பத்துக் கிலோ, அவித்த மா நாலு கிலோ, ஈஸ்ற் ஒரு பெரிய பைக்கற் (உடைத்ததும் காற்றுப்புகாத போத்தலில் போட்டு, பாவிக்க முன் சீனித்தண்ணீரில் நுரைக்கிறதா என்று பார்ப்பது), அரிசி இரண்டு மாதத்துக்கு, ஒரு சாக்குச் சிரட்டைக்கரி, மழை படாத இடத்தில் பொச்சுமட்டை. விறகுகாலையில் (விறகு விற்கிற இடத்தில்) ஈர விறகைத் தலையில் கட்டிவிடுவார்கள், அதனால் விறகை வைகாசியிலேயே வாங்கிப் பிளந்து அடுக்கிவிட வேண்டும். இருப்பதை முன்னுக்கு எடுத்துப் பாவித்து, புதிதாக வாங்கியதைப் பின்னுக்கு வைப்போம். எங்கள் மூன்று பேருக்கு இதற்கு மேல் வைத்தால் வண்டுக்குத்தான் சாப்பாடு. மற்றது, தட்டுப்பாடு வந்தபிறகு ஓடிப்போய்க் குவிப்பது பக்கத்து வீட்டுக்காரரின் பங்கை எடுப்பதுதான், மலிந்த காலத்தில் மெல்ல மெல்லச் சேர்த்தால் ஒருவருக்கும் இடைஞ்சலில்லை.

பாண் மெஷின் வாங்கலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். ஒரு சொந்தக்காரர் அனுப்பியதைப் பாவித்துப் பார்த்தேன். பிசைகிற வேலையை நன்றாகச் செய்கிறது, கைநோவு உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் நடுவில் கரண்ட் நின்றால் எங்கள் மெஷின் எந்த இடத்தில் விட்டது என்று மறந்துவிடும், பாதி பொங்கிய மாவைத் தோண்டி எடுத்துப் பானைக்குத்தான் மாற்றவேண்டும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல தடித்த அலுமினியப் பானை, இரண்டு அச்சு, ஒரு தராசு வாங்கினாலும் மிச்சம் வரும். தராசைக் கட்டாயம் வாங்குங்கள், கோப்பையால் அளந்த மாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பாண் வரும்.